பொய்த் தெளிவு

காளான் விஷத்தால் நேர்ந்த சாவுச் செய்திகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விவரம் உறுத்திக்கொண்டே இருக்கும். குடும்பமாக உட்கார்ந்து இரவில் காளான் குழம்பு சாப்பிடுகிறார்கள். நன்றாகத் தூங்குகிறார்கள். விடியற்காலையில் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்கிறது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றியதும் மறுநாள் பேதி நிற்கிறது. நோயாளி எழுந்து உட்கார்கிறார், கஞ்சி குடிக்கிறார், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். அதன் பிறகு இரண்டு மூன்று நாளில் இறந்துபோகிறார்.

பூச்சிமருந்து, அரளிவிதை என்று நாம் கேள்விப்பட்டுப் பழகிய விஷங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை. அவை உள்ளே போன சில மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிடும். நோயாளி தேறத் தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார் என்று நம்பலாம். இந்த விஷம் மட்டும் ஏன் முதலில் ஓசையில்லாமல் இருந்து, பிறகு தாக்கி, நடுவில் விட்டுவிட்டதுபோல் காட்டி, கடைசியில் கொல்கிறது? தேறிவிட்டார் என்று எல்லோரும் மூச்சு விடும் அந்த நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் உண்டு. பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திப்ருகரில் உள்ள அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் ‘அறியாமையால் தின்றுவிட்டார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி எனக்கு ஒப்பவில்லை. இந்த விஷத்தின் போக்கைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு அநியாயமான வரி என்பது விளங்கும்.

வெள்ளிக் காசு சொல்லாது

நல்ல காளானையும் கெட்ட காளானையும் பிரித்தறிய உலகம் முழுவதும் கைவசம் சில சோதனைகள் இருக்கின்றன. கொதிக்கும் குழம்பில் வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும் என்பார்கள். பூண்டோ அரிசியோ சேர்த்து வேகவைத்தால் நிறம் மாறும் என்பார்கள். புழு அரித்திருந்தால் மனிதரும் தின்னலாம், பளிச்சென்ற நிறமிருந்தால் ஆகாது, வெள்ளையாக இருந்தால் நல்லது என்றும் சொல்வதுண்டு.

இவற்றில் ஒன்றுகூடத் தேறாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். முட்டை பட்டாலும் கறுக்கும். உலகில் காளானால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமடாக்சின் என்ற நச்சு வெள்ளியை ஒன்றும் செய்வதில்லை. புழுக்களும் நத்தைகளும் விஷக் காளானை மேய்ந்துவிட்டுச் சுகமாக இருக்கும். அவற்றின் உடலமைப்பு வேறு. முயலுக்கும் இந்த விஷத்தைத் தாங்கும் சக்தி அதிகம். நிறத்தை நம்புவதும் ஆபத்துதான். அமடாக்சின் நிறைந்த காளான்கள் பல தூய வெள்ளை. அந்த இனத்தில் மிகப் பேர்போனது மரணத்தொப்பிக் காளான், அறிவியல் பெயர் அமானிட்டா ஃபலாய்டிஸ். அதன் குடை வெளிறிய ஆலிவ் பச்சை. சில சமயம் ஏறக்குறைய வெள்ளை. யாரையும் எச்சரிக்கும் தோற்றம் அதற்கில்லை.

சமைப்பதும் உதவாது. அமடாக்சின் எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு மூலக்கூறு. அந்த வளையம் கொதியில் உடையாது, காயவைத்தால் அழியாது, குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் கெடாது, நம் செரிமானச் சாறுகளுக்கும் அசையாது. அதற்குக் கசப்பும் இல்லை. தின்று பிழைத்தவர்கள் பலர், அது ருசியாக இருந்தது என்றே மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தெரிந்தவரையே ஏமாற்றும் காளான்

2011 டிசம்பர் 31. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஓர் உணவகம். சீனாவிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த சமையற்காரர் ஒருவர், வெளியில் பறித்த காளான்களை வதக்கித் தன் கூட்டாளிகளோடு சாப்பிட்டார். சாப்பிட்டவர்களில் அவரும் உடன் வேலை பார்த்த பெண்ணும் சில நாட்களில் இறந்தார்கள். காளான் சமைப்பதையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டவர் எப்படி ஏமாந்தார்?

அவருக்குக் காளானைத் தெரியும் என்பதுதான் இதில் வேதனை. தென்கிழக்கு ஆசியாவிலும் தென் சீனத்திலும் வைக்கோல் காளான் வீட்டுச் சமையலில் புழங்குவது. தமிழ்நாட்டிலும் அதை வைக்கோல் படுக்கையில் வளர்த்து விற்கிறார்கள். இளம் வைக்கோல் காளான் முட்டை வடிவ உறையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். வந்த பிறகு அந்த உறையின் மிச்சம் தண்டின் அடியில் கிண்ணமாக நிற்கும். மரணத்தொப்பியும் அப்படியே முட்டையாகப் பிறந்து, அப்படியே உறை கிழித்து, அதே கிண்ணத்தோடு எழுகிறது. ஊரில் பார்த்துப் பழகிய கண் அந்நிய மண்ணில் அதே உருவத்தைப் பார்த்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லாவோசிலிருந்து குடியேறிய மோங் மக்களுக்கும் இதே விபத்து நேர்ந்திருக்கிறது.

மரணத்தொப்பி ஆஸ்திரேலியாவின் பூர்வீகக் காளான் அல்ல. அது மரத்தின் வேர்களைச் சுற்றிப் பின்னி, மரத்துக்கு நீரும் தாதுக்களும் தந்து, பதிலுக்குச் சர்க்கரை பெற்று வாழும் வேர்ப்பூஞ்சை வகை. ஐரோப்பிய ஓக் மரங்களைக் கண்டம் கடந்து கொண்டுபோய் நட்டபோது, வேரோடும் மண்ணோடும் இதுவும் போயிற்று. கான்பெராவின் சாலையோர ஓக் மரத்தடிகளில் மழைக்குப் பிறகு இது முளைக்கிறது. மனிதர்கள் இடம்பெயர்ந்தார்கள், மரங்களும் இடம்பெயர்ந்தன. இரண்டு பெயர்ச்சிகளும் சந்தித்த இடத்தில் பாட்டி சொல்லிக்கொடுத்த அறிவு செல்லாமல் போனது.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. குடையின் அடிப்பக்கத்தை ஒரு தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி இரவு முழுவதும் வைத்தால், அதன் வித்துத்தூள் தாளில் படியும். இதை வித்துப்பதிவு என்று சொல்லலாம். வைக்கோல் காளானுக்கு அது இளஞ்சிவப்பாக விழும். அமானிட்டா இனத்துக்கு வெள்ளை. அமானிட்டாக்கள் பலவற்றில் தண்டின் மேற்பகுதியில் பாவாடைபோன்ற வளையமும் இருக்கும். ஆனால் வளையம் மழையில் உதிர்ந்துவிடலாம். கிண்ணம் மண்ணுக்குள் இருப்பதால், தண்டோடு கிள்ளிப் பறித்தால் அது தரையிலேயே தங்கிவிடும். விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு கூடைக்கே வருவதில்லை. இவற்றை எழுதுவது யாரும் வீட்டில் சோதித்துப் பார்த்துச் சமைப்பதற்காக அல்ல. பூஞ்சையியலாளர்கூடச் சில வகைகளை நுண்ணோக்கி இல்லாமல் உறுதிசெய்ய மாட்டார்.

எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

ஆக, மருத்துவர் முன்னால் நோயாளி வந்து நிற்கும்போது காளான் பெரும்பாலும் வயிற்றுக்குள் போயிருக்கும். மிச்சம் குப்பைக்குப் போயிருக்கும். அந்த நிலையில் அவருக்குக் கிடைக்கும் மிக நல்ல துப்பு ஒரு கேள்விக்கான பதில்: சாப்பிட்டது எத்தனை மணிக்கு, முதல் வாந்தி எத்தனை மணிக்கு?

சாப்பிட்ட கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, கண்ணீர் வடிந்தால் அது மஸ்கரின் என்ற நச்சாக இருக்கலாம். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு நம் அரசு மருத்துவமனைகளில் போடும் அதே அட்ரோபின் ஊசிதான் இதற்கும் மாற்று. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி பேதி என்றால், வெப்பநாடுகளின் புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் மீது சந்தேகம் போகும். வித்துத்தூள் பச்சையாக விழும் அபூர்வமான காளான் அது. கறையான் புற்றில் முளைக்கும் நல்ல புற்றுக்காளான் என்று நினைத்து அதைப் பறிப்பவர்கள் உண்டு. ஆளைப் படாத பாடு படுத்தும். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்துவிடுவார்கள். நீலகிரி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியோடு நிற்கும் காளானும் இரண்டு மணி நேரத்துக்குள் மூளையைக் கலக்கும். உயிரை எடுப்பது அரிது.

ஆறு மணி நேரம் கடந்து முதல் வாந்தி வந்தால் கதை வேறு. அங்கே அமடாக்சின்தான் முதல் சந்தேகம், வேறொன்று என்று உறுதியாகும் வரை. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் லியோன்காதா ஊரில் நடந்த மதிய விருந்தை உலகமே அறியும். மரணத்தொப்பி கலந்த உணவைப் பரிமாறியவர் 2025இல் கொலைக் குற்றவாளியென்று தீர்ப்பானது. விருந்தாளிகள் நால்வரும் மதியம் சாப்பிட்டு, நள்ளிரவு வாக்கில்தான் நோயில் விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் மூவர் இறந்தார்கள்.

வேகமாகத் தாக்கும் காளானைவிடத் தாமதமாகத் தாக்கும் காளான் கொடியது என்பது நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. ஆனால் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், ஓர் உயிரைக் காப்பாற்றலாம். இன்னும் தாமதமானதும் உண்டு. ஓரெலனின் என்ற நச்சு சில நாட்களிலிருந்து மூன்று வாரம்வரை காத்திருந்து சிறுநீரகத்தை அழிக்கும். ஆங்கில நாவலாசிரியர் நிக்கோலஸ் எவன்ஸ் 2008இல் ஸ்காட்லாந்தில் அப்படியொரு காளானைச் சாப்பிட்டு, பின்னர் மகளின் சிறுநீரகத்தைப் பெற்றுத்தான் மீண்டார்.

ஒரு எச்சரிக்கை. ஒரே கூடையில் இரண்டு வகைக் காளான்கள் கலந்திருக்கலாம். வேகமானது ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுக்கவைக்கும். அதைப் பார்த்து ‘இது லேசான விஷம்’ என்று முடிவுகட்டினால், பின்னால் வரும் அமடாக்சினைத் தவறவிடுவோம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் சந்தேகம் வலுக்கும். முன்னால் வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடாது.

மூலப் பத்திரமும் நகலும்

ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் இரவு எட்டு மணிக்கு மரணத்தொப்பியைச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அமடாக்சின் உயிரைப் பறிக்கப் போதும். இவருக்கு 5 மில்லிகிராம். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் நூறில் ஒரு பங்கு. நன்கு வளர்ந்த ஒற்றைக் காளானிலேயே அந்த அளவு இருக்கக்கூடும். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒன்றரை மில்லிகிராம் போதும். ஒரே குழம்பைத் தின்ற குடும்பத்தில் குழந்தை முதலில் போவதன் கணக்கு இதுதான்.

ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. இருக்கிறது. அது மூலப் பத்திரம். மூலப் பத்திரத்தை யாரும் வெளியே எடுத்துக்கொண்டு அலைவதில்லை. தேவைப்படும் பக்கத்துக்கு நகல் எடுத்துத்தான் காரியம் பார்ப்போம். செல்லிலும் ஒரு நொதி உட்கார்ந்து ஓயாமல் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நகலைப் படித்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்கிறது. அமடாக்சின் நேராகப் போய் அந்த நகலெழுத்து நொதியோடு ஒட்டிக்கொண்டு, அதை ஏறக்குறைய முடக்கிவிடுகிறது. மூலப் பத்திரத்துக்கு ஒரு கீறலும் இல்லை. புது நகல் மட்டும் வருவதில்லை.

முதல் புதிருக்கு இங்கே விடை கிடைக்கிறது. இரவு எட்டு மணிக்கு நுழைந்த விஷம் சில மணி நேரத்தில் நகலெழுத்தை நிறுத்தியிருக்கும். ஆனால் முன்பே எடுத்து வைத்த நகல்களும் முன்பே செய்த புரதங்களும் கையிருப்பில் உள்ளன. அவை தீரும்வரை செல் ஓடும். ஆள் நிம்மதியாகத் தூங்குவார்.

கையிருப்பு முதலில் தீர்வது, புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்களில். குடலின் உட்படலம் சில நாட்களுக்கொரு முறை தன்னை முழுவதும் மாற்றிக்கொள்வது. ஆகவே விடியற்காலை நாலைந்து மணிக்கு அது உதிரத் தொடங்குகிறது. காலராவைப்போல நீராகப் பேதி. அடக்க முடியாத வாந்தி. வயிற்றைப் பிசையும் வலி. நீரும் உப்பும் வற்றி இரத்த அழுத்தம் விழுகிறது. இந்தக் கட்டத்திலேயே இறப்பவர்களும் உண்டு.

நரம்பில் திரவம் ஏற்றியதும் இழந்த நீர் திரும்புகிறது. ஒரு நாளுக்குப் பின் பேதி அடங்குகிறது. இதுதான் பொய்த் தெளிவு. தேறியது குடலின் தொல்லை மட்டுமே. குடலிலிருந்து இரத்தத்துக்குப் போன விஷம் கல்லீரலுக்குள் புகுந்து, அங்கே கோடிக்கணக்கான செல்களின் நகலெழுத்தை நிறுத்திவைத்திருக்கிறது. கல்லீரல் ஒரு பகுதி விஷத்தைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளுகிறது. குடல் அதை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்புகிறது. கல்லீரல்–குடல் சுழற்சி என்று இதைச் சொல்லலாம். ஒரே விஷம் திரும்பத் திரும்பத் தாக்குகிறது. கல்லீரலோ தன் பெரும்பகுதி செயலிழக்கும்வரை வெளியே காட்டிக்கொள்ளாத உறுப்பு.

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் அவரிடம் அன்று இரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 40க்குள் இருக்க வேண்டிய கல்லீரல் நொதிகள் நூறுகளைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளில் ஆயிரங்களைத் தொடும். நொதிகளைவிட நான் முக்கியமாகக் கருதுவது இரத்தம் உறையும் நேரம். உறைவதற்கு வேண்டிய புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் ஒன்று சில மணி நேரமே நிலைத்திருப்பது, செய்யச் செய்யத் தீர்வது. கல்லீரல் கைவிரித்தால் முதலில் குறைவது அதுதான். மூன்று நான்காம் நாளில் கண் மஞ்சளாகிறது, இரத்தச் சர்க்கரை இறங்குகிறது, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்க மறுக்கிறது, பேச்சு குழறுகிறது. சிறுநீரகமும் ஓய்கிறது.

பேதி நின்றது என்பதற்காக இந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆறு மணி நேரத்துக்குப் பிந்திய வாந்தி என்று தெரிந்தால், குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் கல்லீரலையும் இரத்த உறைவையும் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். வெளியூரிலிருந்து கூலியை விட்டுவிட்டு வந்த குடும்பம் ‘நல்லாயிருச்சு, போறோம்’ என்று கிளம்பும்போது, உட்காரவைத்து இதை விளக்கிச் சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

என்ன செய்ய முடியும்

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்தும் தொண்டையில் விரல் விட்டும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பால், மோர், எலுமிச்சை எதுவும் இந்த விஷத்துக்கு மாற்று அல்ல. சமைக்காமல் மிஞ்சிய காளானையும் கழுவிக் கொட்டிய துண்டுகளையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். பறித்த இடம் தெரிந்தால் அடிக்கிண்ணத்தோடு ஒன்றைத் தோண்டி எடுக்கலாம். சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே பானையிலிருந்து சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், எந்தத் தொல்லையும் இல்லாதவர் உட்பட. அவருக்கு இன்னும் கையிருப்பு தீரவில்லை என்பது மட்டுமாக இருக்கலாம்.

மருத்துவமனையில் முதல் மருந்து திரவம். அமடாக்சினின் பெரும்பகுதியைச் சிறுநீரகமே வடிகட்டி வெளியேற்றிவிடும், அதற்கு இரத்த ஓட்டமும் நீரும் குறையாமல் இருந்தால். இந்த எளிய சலைன் பாட்டிலுக்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதில்லை. அடுத்து, செயலூட்டிய கரித்தூளை நீரில் கலக்கிப் பல முறை குடிக்கக் கொடுப்பார்கள். பித்தநீரோடு குடலுக்குத் திரும்பும் விஷத்தைப் பிடித்துச் சுழற்சியை அறுப்பதற்கு.

மூன்றாவது, கல்லீரல் செல்லுக்குள் விஷம் நுழைவதைத் தடுப்பது. செல்லின் சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதம்தான் அமடாக்சினை உள்ளே இழுக்கிறது. மத்தியதரைக்கடல் பகுதியின் ஊதாப்பூ முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் சிலிபினின் அந்தப் புரதத்தை மறிக்கிறது. ஐரோப்பாவில் இதை ஊசியாகப் போடுகிறார்கள். பெனிசிலினை மிக அதிக அளவில் கொடுப்பதும் இதே நோக்கத்தில்தான். பாராசிட்டமால் அளவு மீறியவர்களுக்குக் கொடுக்கும் அசிட்டில்சிஸ்டீன் கல்லீரல் செல்களின் தற்காப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இம்மருந்துகளில் எதுவும் பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசிபோல உறுதியான மாற்று அல்ல. இவற்றின் பலனைத் துல்லியமாக அளந்து சொல்லும் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளும் குறைவு. எல்லாம் கைமீறினால் கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சை. அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்றும் முடிவை, உறைவு நேரம் ஏறத் தொடங்கும்போதே எடுக்க வேண்டும். நினைவு தப்பிய பிறகு பயணமே ஆபத்து. நல்ல தீவிர சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இந்த விஷத்துக்கு நூற்றில் பத்திலிருந்து இருபது பேர் இறக்கிறார்கள். முற்காலத்தில் பாதிக்கு மேல் இறந்தார்கள்.

பச்சைச் சாயம்

2023இல் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மனிதச் செல்களில் ஒவ்வொரு மரபணுவாக முடக்கிப் பார்த்து, எது இல்லாவிட்டால் செல் அமடாக்சினுக்குச் சாவதில்லை என்று தேடினார்கள். எஸ்.டி.டி.3பி என்ற புரதம் அகப்பட்டது. அதன் வேலையைத் தடுக்கக்கூடிய பொருளை, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்துகளின் பட்டியலில் கணினியால் சலித்தார்கள். கிடைத்தது இன்டோசயனின் கிரீன். கண் மருத்துவர்கள் விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கப் பல பத்தாண்டுகளாக நரம்பில் ஏற்றிவரும் பச்சைச் சாயம் அது.

அமடாக்சின் கொடுத்த எலிகளுக்கு இந்தச் சாயத்தைக் கொடுத்தபோது கல்லீரல் சேதம் குறைந்தது, பிழைத்தவை கூடின. ஆனால் விஷம் போய்ச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். தாமதித்தால் பயன் இல்லை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் விடியற்காலை நாலு மணிக்குத்தான் நோயை உணர்கிறார். மருத்துவமனையை அடையும்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடந்திருக்கும். சாயம் உதவ வேண்டுமானால், அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போயிருக்க வேண்டும். குழம்பில் விழுந்தது என்ன காளான் என்று படுக்கப் போகும் முன்பே யாருக்காவது சந்தேகம் வந்தால்தான் அது நடக்கும்.